மூன்று தூணுக்குப் படாக் மரம் வேண்டி ஒரு மனு

அனுப்புநர்:
ஊர்மக்கள் சார்பில் ஒரு தச்சர்,
மாயாபந்தர் வட்டம்.

பெறுநர்:
துணை ஆணையர் அவர்கள்,
வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டம்,
மாயாபந்தர்.

பொருள்: கரேன் குடியிருப்பில் உள்ள பழைய மரத் தேவாலயத்தை இடிக்காமல் பழுதுபார்க்க மரம் வழங்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த வட்டத்தில் நாற்பது வருஷமாகத் தச்சு வேலை பார்க்கிறேன். நான் கரேன் இனத்தவனும் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை. அந்தக் கூரையில் இரண்டு முறை ஏறித் தகரம் மாற்றியவன், அவ்வளவுதான்.

1925இல் பர்மாவிலிருந்து கரேன் குடும்பங்களைக் காட்டு வேலைக்காக இங்கே கொண்டுவந்தார்கள். வெபி முதலிய ஊர்கள் அப்படித்தான் உண்டாயின. மரம் வெட்டுவதும் யானை கட்டி இழுப்பதும்தான் அன்றைக்குப் பிழைப்பு. 1883இல் தொடங்கிய சாத்தாம் மர ஆலையைப் பார்க்க இன்றும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். ஆலைகளுக்கு மரம் வெட்டிக் கொடுத்தவர்களின் அடையாளமாக எங்கள் பக்கம் மிச்சமிருப்பது இந்தச் சின்னக் கோயில்தான்.

கால் ஊன்றி உயர்த்திக் கட்டிய கட்டடம். உள்ளே போனால் பலகை இடுக்கில் கீழே கோழி மேய்வது தெரியும். நடு உத்தரம் ஒரே படாக் மரம். ரம்பம் படாமல் கோடாலியாலேயே செதுக்கியிருக்கிறார்கள். அதன் முனையில் வனத்துறை மரக் கிடங்கில் (டிப்போவில்) சுத்தியலால் அடித்த முத்திரை இன்னும் விரலுக்குத் தட்டுப்படும். நேரில் வந்தால் நானே காட்டுகிறேன்.

2004 டிசம்பர் 26 காலையில் அது கிறீச்சிட்டு ஆடியது, விழவில்லை. நில அதிர்வு அபாயம் மிகுந்த மண்டலத்தில் இருக்கும் நமக்கு இது சின்ன விஷயமா?

இப்போது கிழக்குப் பக்கத்து மூன்று தூண்கள் அடியில் உளுத்துவிட்டன. அவை குர்ஜன் மரம். மண்ணோடு சேர்ந்தால் தாங்காது. படாக் தூண்களில் கரையான் வாயே வைக்கவில்லை. ஆனால் ஒரு அலுவலகத்தில் கேட்டதற்கு, "மரமெல்லாம் கிடைக்காது, இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேருக்கு கான்கிரீட் மேல் ஆசை இருப்பதும் உண்மைதான், மறைக்கவில்லை. அவர்களிடம், மூன்று தூண் மாற்றினால் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். சரி, மரம் வந்தால் பார்ப்போம் என்றார்கள்.

2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு மரம் வெட்டுவது வெகுவாகக் கட்டுப்படுத்தப்பட்டதை அறிவோம். காடு மிஞ்ச அது தேவைதான். ஆனால் தீவுவாசிகளின் உள்ளூர்த் தேவைக்கு அந்த உத்தரவிலேயே இடம் இருக்கிறது. புதிதாக ஒரு மரமும் வெட்ட வேண்டாம். டிப்போவில் பறிமுதல் செய்து வைத்த மரம் இருந்தால் அதுவே போதும்: ஆறு அங்குலச் சதுரத்தில், பத்தடி நீளத்தில் மூன்று. அரசு விலையைக் கட்டிவிடுகிறோம். கூலி வேண்டாம், வேலையை நான் செய்கிறேன்.

அப்புறம், இந்தக் கட்டடத்தைப் பாரம்பரியக் கட்டடமாகப் பதிவு செய்யவும் ஆணையிட வேண்டுகிறேன். அதுவரை இடிப்பு வேலை எதுவும் நடக்காமல் நிறுத்தி வையுங்கள். பார்வையிட இன்ஜினியரை அனுப்பினால், மழை தொடங்கும் முன் அனுப்புங்கள். அதற்குப் பிறகு அந்தத் தூண்களுக்கு நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
ஊர்மக்களுக்காக,
தச்சர்