ஷிப்டு அட்டவணையும் பிறவிக் கடிகாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளைவதில்லை, காலை ஷிப்டுக்கு வந்தால் நின்றபடியே தூங்கி வழிகிறார்கள்’ என்ற குறை வாசகர் கடிதங்களில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. கொங்குப் பகுதி நூற்பாலைகளில் மேஸ்திரிகள் சொல்வதும் இதையேதான். தூங்கி வழிவது உண்மை. ஆனால் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிட்டால், திருத்தக்கூடிய ஒரு தவறு திருத்தப்படாமலே போய்விடும். தவறு இருப்பது பிள்ளைகளிடம் அல்ல, ஷிப்டு அட்டவணையில். அதை எழுதுபவர்கள் எட்டு மணி நேரத்தை மூன்றால் பெருக்கினால் நாள் முடிந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். எந்த நேரத்தில் யாருடைய உடம்பு வேலைக்கு ஒத்துழைக்கும் என்ற கணக்கு அதில் இல்லை.

இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடிப்பகுதியில் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சு ஒன்று இருக்கிறது. நம் உடம்பின் நேரத்தை நடத்துவது அதுதான். அது பிறவியிலேயே அமைவது. 1971இல் அமெரிக்காவில் பழ ஈக்களை ஆராய்ந்தபோது, ஒரே மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் சில ஈக்களின் நாள் 19 மணி நேரமாகச் சுருங்கியிருந்தது, சிலவற்றுக்கு 28 மணி நேரமாக நீண்டிருந்தது, இன்னும் சிலவற்றுக்கு நேர ஒழுங்கே இல்லை. அந்த மரபணு எப்படி இயங்குகிறது என்று கண்டவர்களுக்குத்தான் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரிலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன், குகையில் வாழும் வவ்வால்களிடமும், வெளியுலகத் தொடர்பே இல்லாத அறையில் தங்கவைக்கப்பட்ட மனிதர்களிடமும் இதே கடிகாரத்தை ஆராய்ந்தார்.

மனிதனின் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமாக ஓடுவது. காலை வெளிச்சம் பட்டு அது தினமும் திருத்தப்படுகிறது. சிலருக்கு இயல்பாகவே முந்தி ஓடும். இரவு ஒன்பதரைக்கே கண் சொக்கும், நான்கரைக்கு யாரும் எழுப்பாமலே விழிப்பு வந்துவிடும். சிலருக்குப் பிந்தி ஓடும். நள்ளிரவு தாண்டாமல் தூக்கம் பிடிக்காது. பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள்.

இதில் வயதுக்கும் பங்குண்டு. பருவம் எட்டியதும் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகத் தொடங்கி, 20 வயதை ஒட்டி உச்சத்தைத் தொடும். பிறகு வயது ஏற ஏற மெல்ல முன்னால் வரும். இனி ஆலை விடுதியை எண்ணிப் பாருங்கள். அங்கே தங்கி வேலை செய்யும் பெண்களில் பலர் 18 முதல் 22 வயதினர். ஆறு மணி ஷிப்டுக்கு விடுதியில் நான்கு, நான்கரைக்கு மணி அடிக்கிறார்கள். நம் முன்னோர் நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்து, இரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரையிலான பொழுதை வைகறை என்றார்கள். உடல் வெப்பம் மிகத் தாழ்ந்து, கவனமும் கைப்பழக்கமும் மிக மந்தமாக இருக்கும் நேரம் அதற்குள்தான் வருகிறது. பொதுவாக ஒருவர் தானாக விழிக்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பு உடம்பு இந்தப் பள்ளத்தைத் தொடும். ஐம்பது வயதுக்காரருக்கு மூன்று மணிக்கே அது முடிந்துவிடலாம். இருபது வயதுப் பெண்ணுக்கு ஆறு மணிக்கும் முடியாமல் இருக்கலாம். ‘இளவட்டம்தானே, எந்த நேரமும் தாங்கும்’ என்று நாம் காலை ஷிப்டில் நிறுத்துவது, உடம்பின் கணக்குப்படி நடுராத்திரியில் நிற்கும் ஒருவரை. அதே சமயம், ஐம்பதைக் கடந்தவரை முழு நைட்டுக்கு (இரவு 10 முதல் காலை 6 வரை) போடுகிறோம். பகலில் தூக்கத்தைத் தக்கவைக்க முடியாதவர் அவர்தான்.

பஞ்சிழையை நூலாக முறுக்கும் மெஷினான ரிங் ஃபிரேமில் சைடு பார்க்கும், அதாவது அதன் ஒரு பக்கத்து நூல்களைக் கவனிக்கும் வேலையைப் பார்த்தால் இது புரியும். நூல் அறுந்ததும் ஸ்பிண்டில் என்ற சுழலும் கதிரை நிறுத்தி, அதில் நூல் சுற்றும் பாபினில் நூல் முனையைத் தேடியெடுத்து, டிராவலர் என்ற சிறு கொக்கிக்குள் நுழைத்து, லாப்பெட் என்ற நூல்வழிகாட்டி வழியாக மேலே கொண்டுபோய், முன் ரோலரிலிருந்து இறங்கும் இழையோடு ஒட்ட வேண்டும். பழகிய கைக்குச் சில விநாடி வேலை. வைகறையில் கை தவறுவதற்கு முன்பே கண் தவறிவிடுகிறது. அறுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே கடந்துபோவார்கள். ஒட்டப்படாத பஞ்சு நியூமாஃபில் உறிஞ்சுகுழாய்க்குள் கழிவாகப் போகும், அல்லது ரோலரில் சுற்றிக்கொள்ளும். அதை, அரைத்தூக்கத்தில், ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுத்தெடுக்கப் போய்தான் விரல் மாட்டுகிறது. ஆலை நிர்வாகத்துக்கு ஒரு எளிய சோதனை சொல்கிறோம். மூன்று ஷிப்டின் நியூமாஃபில் கழிவையும் ஒரு மாதத்துக்குத் தனித்தனியாக எடைபோடுங்கள். ஒரே கவுண்ட் (நூலின் பருமன் எண்), ஒரே பஞ்சுக் கலவை ஓடும் ஃபிரேமாக இருக்க வேண்டும், ஷெட்டின் ஈரப்பதத்தையும் கூடவே குறித்துவைக்க வேண்டும். ஈரப்பதம் மாறினாலும் நூல் அறுகும் என்பதால் பழியை ஆள்மேல் போட்டுவிடக் கூடாது. இந்தக் குறிப்பை மணிவாரியாக எடுத்தால் இன்னும் நல்லது.

யாருக்கு எந்தக் கடிகாரம் என்று கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை வேண்டாம். அலாரம் இல்லாமல் எழும் மூன்று விடுமுறை நாள்களில் எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை மணிக்கு விழித்தார் என்று எழுதி, நடுப்புள்ளியைப் பார்த்தால் போதும். இரவு 11 முதல் காலை 7 வரை என்றால் நடுப்புள்ளி 3 மணி. தோராயமாகச் சொன்னால், அதற்கு முன்பு வருபவர் முந்தியவர், 5 மணிக்குப் பின்பு வருபவர் பிந்தியவர். ஆனால் இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வாரம் முழுக்கத் தூக்கக் கடன் வைத்தவர் விடுமுறையில் அதை அடைப்பார், அதனால் நடுப்புள்ளி பின்னால் தள்ளித் தெரியும். வேலை நாள்களில் ஆறரை மணி நேரம் தூங்குபவர் விடுமுறையில் 12 முதல் 10 வரை பத்து மணி நேரம் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளி 5. ஆறு வேலை நாளும் ஒரு விடுமுறையும் சேர்த்தால் அவருடைய வாரச் சராசரி 7 மணி நேரம், விடுமுறையில் அதைவிட 3 மணி நேரம் கூடுதல். அந்தக் கூடுதலில் பாதியை, அதாவது ஒன்றரை மணி நேரத்தை, நடுப்புள்ளியிலிருந்து கழிக்க வேண்டும். விடை மூன்றரை. அவர் பிந்தியவர் அல்ல, கடன்பட்டவர். அவருக்கு ஷிப்டு மாற்றத்தைவிட முதலில் தூக்கம்தான் தேவை. நைட் வாரத்தை ஒட்டி வரும் விடுமுறையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது எல்லாரையும் தலைகீழாகக் காட்டும்.

இந்தக் குறிப்பு தொழிலாளியிடமும், ஷிப்டு போடுபவரிடமும் இருந்தால் போதும். ஆள் எடுக்கும்போது கேட்கும் கேள்வியாகவோ, சம்பளத்தில் கைவைக்கும் சாக்காகவோ அது ஒருபோதும் மாறக் கூடாது. அப்படி மாறினால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஜெர்மனியின் எஃகு ஆலை ஒன்றில் முந்தியவர்களுக்கு நைட்டையும், பிந்தியவர்களுக்கு அதிகாலை ஷிப்டையும் நீக்கிப் பார்த்தார்கள். வேலை நாள்களில் கிடைத்த தூக்கம் கூடியது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஷிப்டு என்று நம் ஆலைகளில் பிரிக்க முடியாமல் போகலாம். ஆனால் மிக முந்தியவர்களையும் மிகப் பிந்தியவர்களையும் மட்டுமாவது அவர்களுக்கு ஒவ்வாத ஷிப்டிலிருந்து விலக்க முடியும். அவர்கள் எண்ணிக்கை சிறியது.

சுழற்சியின் திசை எல்லாருக்கும் பொருந்தும் விஷயம். கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவதால், தள்ளிப் படுப்பது எளிது, முன்கூட்டிப் படுப்பது கடினம். ஆகவே காலை, அரை நைட் (பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை), முழு நைட் என்று முன்னோக்கித்தான் ஷிப்டு சுற்ற வேண்டும். பல இடங்களில் முழு நைட், அரை நைட், காலை என்று தலைகீழாகச் சுற்றுகிறது. இடையில் விடுமுறை இல்லாமல் மாறினால், இரவு 10 மணிக்கு இறங்கியவர் காலை 6 மணிக்கு மறுபடி ஏற வேண்டும். நடுவில் எட்டே மணி நேரம். போக வர இரண்டு மணி நேரம், குளியலும் சாப்பாடும் ஒரு மணி நேரம் என்றால் மிஞ்சுவது ஐந்து. முன்னோக்கிய சுழற்சியில் ஒவ்வொரு மாற்றத்திலும் 24 மணி நேரம் கிடைக்கிறது. 1982இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓர் உப்புத் தாது ஆலையில் வாரந்தோறும் பின்னோக்கிச் சுற்றியதை 21 நாளுக்கு ஒருமுறை முன்னோக்கிச் சுற்றுவதாக மாற்றியபோது, தொழிலாளர் நலமும் உற்பத்தியும் சேர்ந்தே உயர்ந்தன.

முன்னோக்கிய சுழற்சியிலும் ஒரு பலவீனமான கண்ணி உண்டு. முழு நைட் முடிந்து காலை ஷிப்டுக்கு வரும் இடம் அது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நைட் பார்ப்பவரின் விடுமுறை நாளை ஷிப்டு முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் என்று வரையறுத்தது. ஞாயிறு காலை 6 மணிக்கு இறங்குபவருக்குத் திங்கள் காலை 6 மணியோடு விடுமுறை முடிந்தது. அதில் பாதிப் பகல் தூக்கத்தில் போய்விடும், அன்று இரவு தூக்கம் வராது, திங்கட்கிழமை ரிங் ஃபிரேம் முன் வந்து நிற்பது வெறும் உடம்புதான். நைட் வாரத்துக்குப் பிறகு முழுதாக இரண்டு இரவுகள் வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருவருக்கு ஒரு நாள் கூடுதல் விடுப்பு என்பதுதான் இதன் செலவு. செலவே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இது தகும் என்கிறோம்.

நைட்டில் இருப்பவர்களுக்கும் சில நடைமுறைகள். முதல் நைட்டுக்கு முன் பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். சாப்பாட்டை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். நள்ளிரவுக்குப் பின் குடல் மந்தமாக இருக்கும், ஆகவே கேன்டீனில் இரண்டு மணிக்குப் பரோட்டாவும் குருமாவும் போடுவதை நிறுத்தி, இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சுண்டலோ தரட்டும். டீயில் உள்ள காஃபீனில் பாதி உடம்பைவிட்டு நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். பதினொன்றுக்கு ஒன்று, ஒன்றரைக்கு அரை டம்ளர், அதோடு சரி. நாலரை மணிக்குக் குடிக்கும் டீ, காலை எட்டு மணித் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டுக்கும் நான்குக்கும் இடையே 20 நிமிடம் படுக்க அனுமதியுங்கள், ஆனால் எழுந்தவரை உடனே மெஷினுக்கு அனுப்பாதீர்கள். மப்புத் தெளிய 15 நிமிடமாவது ஆகும். கவுண்ட் மாற்றுவது, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினின் மூடியைத் திறந்து துப்புரவு செய்வது போன்றவற்றை மூன்றிலிருந்து ஐந்துக்குள் வைக்கவே கூடாது. மருத்துவமனைகளிலும் அப்படித்தான். அந்த நேரத்து ஊசி மருந்தின் அளவை இரண்டாவது செவிலியர் ஒருவர் சரிபார்க்க வேண்டும்.

வீடு திரும்பும் வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் கவனத்துக்கு இணையாகக் குறைகிறது என்று 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். முதல் நைட்டன்று காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலில் தூங்காமல் வந்தவர், மறுநாள் காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரை எடுக்கும்போது 24 மணி நேரம் விழித்திருக்கிறார். அவரைத் தனியே அனுப்பக் கூடாது. முழு நைட் முடிபவர்களுக்கு ஆலை வேன் கட்டாயம் வேண்டும்.

விடுதிகளுக்கு மூன்று வேண்டுகோள். ஒரே ஷிப்டுக்காரர்களை ஒரே அறையில் தங்கவையுங்கள். நைட் அறைகளின் ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணி போடுங்கள். பகல் பத்து மணிக்கு அங்கே வந்து பாத்திரம் தேய்ப்பதும் மோட்டார் போடுவதும் வேண்டாம். காலை ஷிப்டை ஆறிலிருந்து ஏழுக்கு நகர்த்தினால் மற்ற இரண்டும் ஒரு மணி நேரம் நகரும், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரம் இருபது வயதுப் பெண்ணுக்கு அவளுடைய தூக்கத்தின் கனவு மிகுந்த கடைசிப் பகுதியைத் திருப்பித் தரும். அது முடியாத ஆலைகள், நான்கு மணிக்கு எல்லா அறைக்கும் சேர்த்து அடிக்கும் மணியையாவது நிறுத்திவிட்டு, காலை ஷிப்டு அறைகளில் மட்டும், நாலே முக்காலுக்கு அடிக்கட்டும்.

இப்படிக்கு,
தொழிலாளர் உடல்நலப் பணியில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.