தோண்டாதே, பொறு

செல்வி,

முதலில் அந்த மண்வெட்டியைக் கீழே வை. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். "ஃபியூஷாச் செடி பனியில் செத்துப்போச்சு, மண் இளகியதும் தோண்டி எறியப்போகிறேன்" என்று ஜனவரியில் எழுதியிருந்தாயே, எறிந்துவிடவில்லையே? எறிந்திருந்தால் இதை மேலே படிக்காதே, வயிறுதான் எரியும்.

இத்தனை நாள் பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, வெட்கம்தான். நீ வந்திருந்தபோது நாம் சேர்ந்து வைத்த மூன்று ஃபியூஷாவில் இரண்டைப் போன கோடையிலேயே கொன்றுவிட்டேன். தண்ணீர் ஊற்றியே கொன்றேன். மதியம் பார்த்தால் இலையெல்லாம் தொங்கும். ஐயோ தாகம் என்று ஒரு சொம்பு ஊற்றுவேன். சாயங்காலம் இன்னும் தொங்கும், இன்னொரு சொம்பு. மண்ணில் ஒரு விரலை விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை இந்த மண்டைக்கு. 27, 28 டிகிரியைத் தாண்டினாலே சோர்ந்துவிடும் செடி அது. வேர்ப்பக்கம் சூடேறிவிட்டால் ஈரத்திலேயே நின்றாலும் உறிஞ்சத் தெம்பிருக்காது. பிடுங்கியபோது வேரின் மேல்தோல் பழுப்பாக உருவிக்கொண்டு கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த நாற்றத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

மூன்றாவதும் மொட்டைக் குச்சியாகிவிட்டது. தூக்கி எறியக்கூடச் சலிப்பாக இருந்து, தொட்டியோடு மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டேன். மழையெல்லாம் முடிந்து ஒரு நாள் துடைப்பம் எடுக்கக் குனிந்தால், கணுவுக்குக் கணு கடுகளவு சிவப்பு! நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே பச்சை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன் (மூட்டுவலி ஒரு பக்கம், எழுந்திருக்கவும் முடியவில்லை). இந்த வாரம் முதல் பூ விட்டிருக்கிறது. சிவப்பு இதழ் நான்கும் பின்னால் மடங்கி, ஊதாப் பாவாடை விரிந்து, கீழே கேசரங்கள் ஊசலாட, அச்சு அசல் நம் கணக்கு டீச்சர் காதுத் தொங்கட்டான். சிரிக்காதே.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். உன்னிடம் இருப்பது மெஜலானிக்கா வகைதானே? தெற்கு சிலியும் அர்ஜென்டினாவும் அதற்குத் தாய்வீடு. குளிரெல்லாம் அதற்குப் பழகினதுதான். மேல் தண்டு தரைமட்டம்வரை காய்ந்துபோகும், அடியில் வேர் தூங்கிக்கொண்டிருக்கும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் அதை வேலியாகவே விட்டிருக்கிறார்கள், 'கடவுளின் கண்ணீர்' என்று அவர்கள் மொழியில் பேராம். புதுத் துளிரில்தான் பூக்கும் என்பதால் பழைய தண்டு போனதில் உனக்கு நஷ்டமே இல்லை. ஆனால் அது சோம்பேறி. மற்றதெல்லாம் தழைத்த பிறகு, மே கடைசியில்கூட மெதுவாகத்தான் தலை நீட்டும். அதுவரை காய்ந்த குச்சிகளையும் வெட்டாதே, அடித்தண்டுக்கு அவைதான் போர்வை. இனி புதிதாக வைத்தால் தொட்டியில் இருந்ததைவிட 5 செ.மீ. ஆழமாக வை. பனிக்கு முன்னால் இலைச்சருகை அள்ளிப் போடு.

தொங்கு தொட்டியில் வைத்திருக்கிறாயே, அந்தப் பெரிய பூ விடுகிற ஃபியூஷாவுக்கு இந்தத் தைரியமெல்லாம் கிடையாது. பனி இறங்கும் முன்பே கவாத்து செய்து உள்ளே எடுத்துவிடு. 4 முதல் 7 டிகிரி போதும், இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை. மண் சுண்டிப்போகாமல் அவ்வப்போது ஒரு கை தண்ணீர் தெளித்தால் சரி.

பார், உனக்குக் குளிர்காலத்தில் தூங்குகிற செடி எனக்குக் கோடையில் தூங்கியிருக்கிறது. இது தெரியாமல் தூங்குகிறவளை எழுப்பி எழுப்பித் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். இந்த வருஷம் வெயில் ஏறும் முன்பே பாதிக்கு வெட்டிவிட்டு, நிழலில், பெரிய மண்தொட்டிக்குள் சின்னத் தொட்டியை இறக்கி வைக்கப்போகிறேன். உரம் கிடையாது, மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். வெட்டுகிற குச்சியில் நான்கை நட்டும் வைக்கப்போகிறேன், எதற்கும் இருக்கட்டும் என்று. அப்புறம் டிரிஃபில்லா என்றொரு வகை, வெயில் தாங்குமாம். 1690களில் பிளூமியே என்கிற பிரெஞ்சுப் பாதிரியார் ஹிஸ்பானியோலா தீவில் முதலில் கண்டது அதைத்தான். ஆனால் உறைபனி பட்டால் அவ்வளவுதான், உனக்கு ஆகாது. நியூசிலாந்தில் ஒரு ஃபியூஷா 12 மீட்டர் மரமாகவே வளருமாம், பட்டை காகிதம் மாதிரி உரியுமாம். இரண்டடிக் குச்சியைக் காப்பாற்றத் தெரியாத நான் இதையெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறதோ.

ராஜி மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. வசந்தா வழக்கம்போலத்தான். பச்சைக் குடையை இன்னும் திருப்பித் தரவில்லை.

செல்வி, செடி செத்துப்போச்சு என்று எழுதின அதே வரியில் "இனி எதையும் வளர்க்கத் தெம்பில்லை" என்று முடித்திருந்தாய். அந்த வரியை இரண்டு மாதமாகத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அது செடியைப் பற்றி மட்டும்தானா? பதிலை எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது போனை எடு, போன தடவை மாதிரி அடிக்கவிட்டு உட்கார்ந்திராதே.

அதற்குள் தண்டை அடியோரமாக நகத்தால் சுரண்டிப் பார்த்து வை. பச்சை இல்லாவிட்டாலும் தோண்டாதே.

உன்
கமலா