ஞாயிறு மாலை கூடுகிறோம்: விளம்பரங்களில் நம் பெண் பிள்ளைகள்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பள்ளி குரூப் போட்டோ அன்று, நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் முகம் முழுக்கப் பவுடரை அப்பிக்கொண்டு வந்து "இப்ப வெள்ளையா இருக்கேனாம்மா?" என்று கேட்டாள், எனக்குப் பதில் வரவில்லை. வீட்டில் யாரும் நிறம் பற்றிப் பேசுவதில்லை. சீரியல் இடைவேளையில் பார்த்ததுதான் மனசில் இறங்கியிருக்கிறது.

கருத்த நிறமுள்ளவர்களை அழகில்லாதவர்களாக, வேலையோ வரனோ அமையாதவர்களாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-லேயே விதி வகுத்திருக்கிறது. ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் பெயரையே மாற்றியது. ஆனால் 'பளிச்', 'பொலிவு' என்று சொல்லை மாற்றி அதே கதை ஓடுகிறது. கவுன்சிலுக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாகப் புகார் அனுப்பலாம், சேர்ந்து எழுதுவோம்.

ஞாயிறு மாலை 5 மணி, பி பிளாக் மொட்டைமாடி.

1. உறுத்திய விளம்பரம் எது, எந்த சேனல், தேதி, நேரம் எல்லாம் குறித்து வாருங்கள். முடிந்தால் போனில் வீடியோ.
2. அப்பாக்களும் கட்டாயம் வர வேண்டும்.
3. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை, பையன்களையும் சேர்த்து, அழைத்து வாருங்கள். அவர்கள் சொல்வதை முதலில் கேட்போம்.
4. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் வீட்டு எண்ணைப் போட்டு 'சரி' என்று பதில் அனுப்புங்கள். வர முடியாதவர்கள் விளம்பர விவரத்தை எனக்குத் தனியாக அனுப்பினாலும் போதும்.