யோகா வேண்டாம்னு சொல்லல, ராத்திரிக்கு இன்னொரு ஆள் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தக்கலை பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துல ஒன்பது வருஷமா வேலை பாக்குறேன். அதுக்கு முன்னால அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஃபாக்டரி, முந்திரிக்கொட்டை உடைச்சு உடைச்சு கை பூரா அந்த எண்ணெய்க் கறை, இங்க வந்த பிறகும் ரொம்ப நாள் போகல. இப்ப பாக்குற வேலைக்கு என்ன பேருன்னு எனக்கே சரியா தெரியாது, ஊர்ல கேட்டா ஹோம் நர்ஸ்னு சொல்லுவோம், இல்லத்துக்கு யாராவது விருந்தாளி வந்தா எங்கள சிஸ்டர்னு கூப்பிடுவாங்க, சம்பள நோட்டுல மட்டும் ஆயா.

அக்டோபர் 1 முதியோர் தினம் வந்தா உங்க பேப்பர்லயும் மத்த பேப்பர்லயும் எங்க மாதிரி இல்லங்கள்ல கேக் வெட்டுற ஃபோட்டோ வரும். ஒரு வருஷம் எங்க இல்லத்து ஃபோட்டோவும் வந்துச்சு, பொன்னாடை போட்ட பெரிய மனுஷங்க நடுவுல நிப்பாங்க, முன்னால வீல்சேர்ல ஒரு அம்மா, அந்த வீல்சேரைப் பிடிச்சிருக்குற ஒரு கை மட்டும் ஓரத்துல பாதி தெரியும். அது எனக்க கை. என் மக அதை வெட்டி வச்சிருக்கா.

இப்ப இந்த லெட்டர் எழுதுற காரணம் என்னன்னா எங்க இல்லத்துல புதுசா ஸ்டாஃப் வெல்னஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க. வாட்ஸ்அப்ல ஸ்டாஃப் நியூஸ்னு ஒரு குரூப், காலைல ஆறு மணிக்கு ரோஜாப்பூ படம், புன்னகையோட வேலை செய்வோம்னு ஒரு வரி, அப்புறம் யாரு லேட்டு யாரு டயப்பர் அதிகமா செலவாக்குனாங்கன்னு லிஸ்ட்டு. சனிக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு யோகா கிளாஸ். நைட் டூட்டி எட்டு மணிக்கு முடியுது, அதாவது ராத்திரி பூரா நின்னவங்களும் ஒரு மணி நேரம் காத்திருந்து யோகா பண்ணிட்டுதான் பஸ் ஏறணும். முத கிளாஸ்ல சவாசனம்னு சொன்னதும் நாங்க மூணு பேரு நிஜமாவே தூங்கிட்டோம். அந்த மாஸ்டர் எழுப்பல, நல்ல மனுஷன்.

யோகா கெட்டதுன்னு நான் சொல்லல. ஆனா எங்க உடம்பு எதுல கெடுதுன்னு ஒருத்தரும் கேக்காம மருந்தை மட்டும் நோட்டீஸ் போர்டுல ஒட்டுறாங்க.

எங்க இல்லத்துல மொத்தம் 22 பேரு, அதுல ஏழு பேரு படுத்த படுக்கை. படுக்கையில இருக்குறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும், இது பெருசா படிச்சு தெரிஞ்சுக்குற விஷயம் இல்ல, போடலன்னா வாலெலும்பு பக்கத்துலயும் குதிகால்லயும் தோல் சிவக்கும், விரலை வச்சு அமுக்கி எடுத்தா அந்த இடம் வெளுக்காம சிவப்பாவே இருந்தா புண்ணு வரப்போகுதுன்னு அர்த்தம், வந்துட்டா எலும்பு வரைக்கும் போற புண்ணு அது. இப்ப கணக்கு போடுங்க, ராத்திரி எட்டு மணிலேர்ந்து காலைல எட்டு மணி வரை ரெண்டு மணிக்கு ஒருக்கான்னா ஆறு தடவை, ஏழு பேரு, 42 தடவை. கூடவே டயப்பர் மாத்துறது, ட்யூப் ஃபீடிங் ரெண்டு பேருக்கு, பாத்ரூமுக்கு எந்திரிக்கிறவங்க, நடுராத்திரி வீட்டுக்கு போணும்னு கதவைத் தட்டுறவங்க. இத்தனைக்கும் ராத்திரி டூட்டிக்கு ஒரே ஒரு ஆள். வாட்ச்மேன் கேட்டுல இருப்பாரு, அவரை லேடீஸ் ரூமுக்குள்ள கூப்பிட முடியாது.

போன ஆடி மாசம் நாலாம் நம்பர் கட்டில்ல இருக்குற அம்மாவைத் திருப்பும்போது எனக்க நடுமுதுகுல படக்னு ஒரு சத்தம் மாதிரி. அவங்க எழுபது கிலோ இருப்பாங்க, ஒரு பக்கம் வராது, பக்கவாதம். அவங்க விழுந்துரக்கூடாதுன்னு கட்டில் கம்பியில எனக்க வயித்தை முட்டுக் குடுத்து அப்படியே நின்னேன், எத்தன நிமிஷம்னு தெரியல. அந்த அம்மா என் முகத்தைப் பாத்துட்டே இருந்தாங்க, பேச்சு வராது அவங்களுக்கு, வர்ற கையால எனக்க தலையைத் தடவுனாங்க. அப்புறம் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல காட்டுனேன், டாக்டர் மூணு வாரம் ரெஸ்டுன்னு எழுதி குடுத்தாங்க. ரெஸ்டு எடுத்தேன், சம்பளம் பிடிச்சாங்க. மருந்துக்கு மாத்திரைக்கு எனக்க காசு. நான் ரெஸ்டுல இருந்தப்ப ராத்திரி டூட்டி பாத்த பொண்ணுக்கு இப்ப தோள் வலி.

என் அக்கா மக இங்கிலாந்துல கேர் ஹோம்ல வேலை பாக்குறா, நம்ம ஜில்லாவுல எந்தத் தெருவுல நின்னு கூப்பிட்டாலும் வெளிநாட்டுல ஒரு நர்ஸ் இருக்குற வீடு இருக்குமே. அவள்ட்ட ஃபோன்ல சொன்னப்ப, சித்தி நீங்க தனியாவா தூக்குறீங்கன்னு அதிர்ச்சியாயிட்டா. அவ இருக்குற எடத்துல ஆளைத் தூக்க ஹாய்ஸ்ட்னு ஒரு மெஷின், அந்த மெஷின் வச்சு தூக்கவே ரெண்டு பேரு வேணுமாம், ஒத்தையில தூக்குனா நம்மளதான் கூப்பிட்டு கேள்வி கேப்பாங்களாம். அமெரிக்காவுல ஒரு கணக்கு வச்சிருக்காங்க, நோயாளியைக் கையால தூக்குறதுன்னா 35 பவுண்டு, நம்ம கணக்குக்கு 16 கிலோ கிட்ட, அதுக்கு மேல வேண்டாம், மெஷினை வையின்னு. 16 கிலோன்னா எங்க இல்லத்துல ஒரு பாட்டியோட ரெண்டு காலு மட்டும்தான் தூக்கலாம். இதே கன்னியாகுமரி பொம்பள அங்க போனா ரெண்டு பேரு சேந்து செய்யிற வேலையை இங்க ஒத்தையில செய்யிறா, அவ முதுகும் எனக்க முதுகும் ஒரே ஆத்தா குடும்பத்து முதுகுதான்.

மெஷின் வாங்க காசு இல்லன்னு சொல்றாங்க, சரி. இதை மத்த இல்லத்துல வேலை பாக்குறவங்களுக்காக எழுதுறேன். பழைய பூனம் சேலை இருக்குல்லா, வழுவழுன்னு இருக்குமே, அதை ரெண்டா மடிச்சு ஆளுக்கு அடியில தோள்லேர்ந்து இடுப்பு வரை வச்சீங்கன்னா துணி மேல துணி வழுக்கும், தூக்காம இழுத்தே மேல ஏத்திரலாம், தோலும் உரசாது. வேலை முடிஞ்சதும் மறக்காம உருவிருங்க, இல்லன்னா ஆள் வழுக்கிக் கீழ வந்துருவாங்க. கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏத்திக்கோங்க, ஏத்த முடியாத கட்டில்னா ஒரு முட்டியை மெத்தையில ஊன்றிக்கோங்க, முதுகை வளைக்காண்டாம். ஆனா இந்தச் சேலை வித்தைக்கும் அந்தப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேணும். நான் எங்க சுத்துனாலும் அங்கதான் வந்து நிக்கிறேன்.

உண்மையான ஸ்டாஃப் நியூஸ் என்னன்னு கேட்டா டூட்டி மாறும்போது நாங்க நின்னுட்டே பேசுற பத்து நிமிஷம்தான். யாரு சாப்பிடல, யாருக்கு ரெண்டு நாளா வயித்துக்குப் போகல, யாரு மகன் ஃபோன் பண்ணி அழ வச்சாரு, எல்லாம் அதுலதான். எங்க இல்லத்துல ஒரு பாட்டா, அதாவது தாத்தா, இருக்காரு, குலசேகரம் பக்கம் ரப்பர் எஸ்டேட்ல பால் வெட்டுனவரு, இப்ப மறதி நோய். ராத்திரி மூணு மணி ஆனா எந்திரிச்சிருவாரு, எனக்க கத்தி எங்க, லைட் எங்க, மரத்துக்கு போணும்லான்னு. தடுத்தா அடிப்பாரு, ஒருக்கா கடிச்சே விட்டாரு, மணிக்கட்டுல தழும்பு இன்னும் இருக்கு. நாங்க எல்லாரும் மாத்திரையைக் கூட்டணும்னு பேசிட்டிருந்தப்ப பகல் டூட்டி பாக்குற ஒரு அக்கா ஒருநாள் சாயங்காலம் ஒரு சாக்குல பதினஞ்சு இருபது சிரட்டை கொண்டு வந்தா. மூணு மணிக்கு அதை அவரு முன்னால வைன்னா. வச்சேன். அவரு ஒண்ணொண்ணா எடுத்து உள்ள விரலை விட்டு ஒட்டுப்பாலை, அதாவது சிரட்டையில உறைஞ்சு நிக்கிற ரப்பர் பாலை, உருவி எடுக்குற மாதிரி உருவுவாரு, துடைப்பாரு, கமுத்தி அடுக்குவாரு. நாலு நாலரைக்கு மழை வரும் போலிருக்கு, இன்னைக்கு போரும்ன்னு சொல்லிட்டு தானா படுத்துட்டாரு. அன்னையிலேர்ந்து தினமும் அப்படித்தான், மாத்திரை கூட்டல. எங்க இல்லத்துல நடந்ததுலயே பெரிய வெல்னஸ் ப்ரோக்ராம் அந்தச் சாக்குதான், பாட்டாவுக்கும் எனக்கும். அந்தப் பத்து நிமிஷம் இப்ப டூட்டி நேரத்துல சேராதாம், சும்மா நின்னு கதை பேசாதீங்கன்னு குரூப்ல மெசேஜ் வந்திருக்கு.

கடிச்சவர் மேல எனக்கு கோவம் கிடையாது, அவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனா கடி வாங்குனவளுக்கு ஒரு டிடி ஊசி போடுறியா, ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி போட்டியான்னு கேக்க ஒரு ஆள் வேணும்லா. அந்த ஹெப்பட்டைட்டிஸ் ஊசி மூணு தடவை, முத ஊசி போட்டு ஒரு மாசத்துல ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது. ரத்தம் மூத்திரம் புண்ணுன்னு தினமும் கை வைக்கிற எங்கள்ல பாதிப் பேரு ஒண்ணு கூட போடல.

மனசு விஷயமும் சொல்லிருறேன். ஒரு ராத்திரி எனக்க கையைப் பிடிச்சுட்டே ஒரு அம்மா போய்ச் சேந்தாங்க, குளிப்பாட்டி, தலை சீவி, மகளுக்கு ஃபோன் பண்ணி எல்லாம் நான்தான். விடிஞ்சதும் மெத்தையை வெயில்ல போட்டாச்சு, மத்தியானம் அந்தக் கட்டில்ல வேற ஆள். அழக்கூட நேரம் இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு வீட்டுல மரச்சீனிக் கிழங்கு நறுக்கிட்டு இருக்கும்போது காரணமே இல்லாம அழுகை வந்து நிக்கவே இல்ல. மகதான் 14416-னு நம்பர் போட்டுக் குடுத்தா, டெலி மானஸ்னு 2022-ல கவர்மெண்ட் ஆரம்பிச்சது, ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும் கூப்பிடலாம், காசு கிடையாது. தமிழ்லயே பேசுனாங்க, பொறுமையா கேட்டாங்க. இந்த நம்பரை எங்க நோட்டீஸ் போர்டுல எழுதிப் போட்டேன், அது மேல யோகா நோட்டீஸை ஒட்டிட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லியிருக்கு, பர்ன்அவுட்ங்கிறது, அதாவது வேலையால ஆளே ஓஞ்சு போறது, வேலை பாக்குற இடத்துல இருக்குற நெருக்கடியைச் சரி பண்ணாம விட்டதால வர்றதுன்னு. நாங்க மூச்சு இழுத்து விடாததால வர்றது இல்ல.

ஓனரை மொத்தமா குறை சொல்லவும் எனக்கு மனசு வரல. மாசக்காசை ரெண்டு மாசம் பாக்கி வைக்கிற பிள்ளைங்க இருக்காங்க, இந்த வேலைக்கு ஆளும் லேசுல கிடைக்கிறதில்ல. துபாய்ல இருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு சிசிடிவி பாத்துட்டு ஏன் அம்மா ரூமுக்கு அரை மணி நேரமா யாரும் போகலன்னு ஃபோன் பண்ற மக்கள் இருக்காங்க, அந்த அரை மணி நேரம் நான் அடுத்த ரூம்ல வயித்தால போனவரைக் கழுவிட்டு இருந்தேன்னு கேமராவுல தெரியாது. அவங்ககிட்டயும் ஒண்ணு கேக்குறேன், இல்லம் பாக்க வரும்போது ஏசி இருக்கா, தோட்டம் இருக்கான்னு கேக்குறீங்க, ராத்திரி எத்தன பேரு டூட்டின்னு ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா?

சட்டம் பத்தி பேசுனா எங்க மேனேஜர் சார் ஒரே வார்த்தைதான் சொல்லுவாரு, இது கம்பெனி இல்ல, சேவைன்னு. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல மாசம் 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம் வாங்குறவங்களுக்கு ஈஎஸ்ஐங்கிற தொழிலாளர் காப்பீடு இருக்குன்னு சொல்றாங்க, ஓனர் பங்கு 3.25 சதவீதம், நம்ம பங்கு 0.75. எங்க இல்லத்துல வேலை பாக்குறவங்க பதினாலு பேரு, யாருக்கும் ஈஎஸ்ஐ கார்டு கிடையாது. அந்தக் கார்டு இருந்திருந்தா ஆடி மாசம் மூணு வாரம் நான் வட்டிக்கு வாங்கியிருக்க மாட்டேன். துணிக்கடைல நிக்கிற பொண்ணுங்களுக்கு உட்கார ஸ்டூல் போடணும்னு 2021-ல தமிழ்நாட்டுல சட்டமே கொண்டு வந்தாங்க, பக்கத்துல கேரளாவுல 2018-லயே வந்துருச்சு, சந்தோஷம். பெரியவங்களுக்கு கஷ்டம்னா கூப்பிட 14567 இருக்கு, அதுவும் சந்தோஷம். அவங்களைப் பாக்குறவளுக்கு கஷ்டம்னா யாரைக் கூப்பிடன்னு ஒரு ஆபீசர் உங்க பேப்பர்ல எழுதட்டும், எங்க மாதிரி இல்லங்களுக்கு எந்தச் சட்டம், ராத்திரி எத்தன படுக்கைக்கு எத்தன ஆளு, அடிபட்டா யாரு பொறுப்புன்னு. எழுதுனா அதை நான் வெட்டி அந்த யோகா நோட்டீஸ் மேல ஒட்டுவேன்.

எனக்க பேரையும் இல்லத்துக்க பேரையும் போடாண்டாம், வேலை போயிரும். இதை ஃபோன்ல டைப் பண்ணிக் குடுத்தது என் மக, நான் சொல்லச் சொல்ல அடிச்சா, தப்பு இருந்தா திருத்திக்கோங்க. இடம் பத்தலன்னா அண்டி ஆபீஸ் கதையை எடுத்துருங்க, அக்கா மக கதையையும் எடுத்துருங்க, அந்த 42 தடவை கணக்கை மட்டும் வெட்டிராதீங்க.

இப்படிக்கு,
முதியோர் இல்லப் பணியாளர் ஒருத்தி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்