தவக்களைச் சத்தம் எங்கே போனது?

ஆசிரியருக்கு வணக்கம்.

தலைவாசல் பக்கம் எங்கள் காட்டை ஒட்டி ஒரு குட்டை. ஐப்பசி மழை பெய்தால் தவக்களை கத்துகிற கத்தில் ராத்திரி தூங்க முடியாது. இந்த வருஷம் சத்தமே இல்லை, தண்ணீரில் கைவிட்டால் பாசிதான் வருகிறது, ஒரு தலைப்பிரட்டை இல்லை. சுற்றிலும் மக்காச்சோளம். விதைத்த கையோடு அடிக்கிற அட்ரசின் களைக்கொல்லி, அப்புறம் யூரியா, எல்லாம் மழையில் குட்டைக்குத்தான் வழிகிறது. தவளை தோலாலும் மூச்சுவிடும், முட்டைக்கு ஓடு கிடையாது. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீரில் நூறு கோடியில் 2.5 பங்கு அட்ரசினுக்கே ஆண் தவளைகளில் பத்தில் ஒன்று முட்டையிடும் பெண்ணாக மாறியிருந்தது. (நானும் அதை அடித்தவன்தான், மறைப்பானேன்.) மருந்து அளவு சொல்கிற அதிகாரிகள், வழிந்து வருகிற மருந்தைக் கொஞ்சமாவது தடுக்க, குட்டைக் கரையில் பத்தடி புல்லை உழாமல் விடச் சொன்னால் என்ன?

ஒரு விவசாயி, சேலம் மாவட்டம்