மூட்டை வேண்டாம், முதலில் அலமாரி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, தூசி. வாசகர் வட்டத்து ஆட்கள் சேர்ந்து நூலகத்தின் பின் அறையைக் காலி செய்துகொண்டிருந்தோம். தும்மித் தும்மி மூக்கே சிவந்துவிட்டது.

நீயும் நூலகத்துக்காகக் குழு சேர்க்கிறாய் என்பதில் சந்தோஷம். ஆனால் முதல் வேலையே வீடு வீடாகப் புத்தகம் திரட்டுவது என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் உன் சட்டையைப் பிடித்து நிறுத்தத் தோன்றியது. நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். வந்தது என்ன? பாடத்திட்டம் மாறிப்போன பள்ளிப் புத்தகங்கள், காலாவதியான தேர்வுக் கையேடுகள், அட்டை போன வார இதழ்கள். ஒரு பெட்டியில் தொலைபேசி டைரக்டரி! கொடுத்தவர்களுக்கு வீடு சுத்தமானது, நூலகருக்கு ஓர் அறை போனது. இலவசமாக வந்த புத்தகம் என்றாலும் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, வகை பிரித்து, முத்திரை குத்தி, லேபிள் ஒட்டினால்தான் அலமாரிக்குப் போகும். அவரோ ஒற்றை ஆள்.

போதாததற்கு ஒரு மூட்டையோடு ராமபாணப் பூச்சியும் வந்து சேர்ந்தது. புத்தகத்தைப் பிரித்ததும் முதுகுப் பக்கத்திலிருந்து வெள்ளிக் கோடு மாதிரி நெளிந்து ஓடியது. பைண்டிங் பசையில் இருக்கும் மாவு என்றால் அதற்கு உயிர். இப்போதெல்லாம் எது வந்தாலும் தனியே வைத்து, புரட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறோம்.

அப்புறம்தான் நூலகரிடமே கேட்டோம், என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று. முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது. “புத்தகங்களை அதனதன் இடத்தில் வைத்துக் கொடுங்கள், போதும்” என்றார். இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டுப் பிரிக்கும் தூயி தசம வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. அந்த எண் ஒட்டிய ஒரு கவிதைத் தொகுப்பைத் தோட்டக்கலைப் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து உருவினேன். பட்டியலில் இருக்கிறது, யாரும் எடுத்துப் போகவும் இல்லை. ஆனால் தேடி வந்தவரெல்லாம் கிடைக்காமல்தான் திரும்பியிருப்பார்கள். ‘வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து’ என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று உண்டல்லவா? கூட்டங்களில் அதை நானே பேசியிருக்கிறேன். தடவித் தடவி ஒரு தட்டைச் சரிசெய்து முடிக்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப் மட்டும் ஒட்ட விடாதே. சில வருடத்தில் பழுப்பேறி, தாளையும் கெடுத்துவிடும்.

ஒரு விஷயத்தில் கறாராக இரு. புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் நாங்கள் உட்காருவதில்லை. யார் என்ன படிக்கிறார் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதோடு, சும்மா செய்ய ஆள் இருக்கிறது என்று தெரிந்தால், காலிப் பணியிடத்தை நிரப்ப யாருக்கு அவசரம் வரும்? இன்னொரு ஊழியர் வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்குவதும் வாசகர் வட்டத்தின் வேலைதான். எங்களில் சிலருக்கு இதில் உடன்பாடில்லை, சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

சனிக்கிழமைக் கதை நேரம் நன்றாகப் போகிறது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது.

சரி, நீ முதலில் உங்கள் நூலகரைப் பார்த்துப் பேசிவிட்டு எழுது. கையோடு முகக்கவசம் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்