வெயிலில் வாழும் பென்குயின்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் பகுதியில் பென்குயின் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அண்டார்டிகாவின் கடுங்குளிரில் ஆண் எம்பெரர் பென்குயின் முட்டையைக் காலின் மேல் வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கும் மேலாக எதுவும் சாப்பிடாமல் அடைகாப்பதை அழகாக எழுதியிருந்தார்கள். ஆனால் கூடவே வந்த பெட்டிச் செய்தியில் 'பென்குயின்கள் பனியில் மட்டுமே வாழும்' என்று போட்டிருந்தீர்கள். அது தவறு. மொத்தம் உள்ள 18 வகைகளில் அண்டார்டிகா நிலத்தில் குஞ்சு பொரிப்பவை நான்கைந்துதான். மற்றவை நியூசிலாந்தின் மழைக்காட்டிலும், பெரு, சிலி நாடுகளின் வறண்ட கடற்கரையிலும், ஏன், பூமத்திய ரேகையை ஒட்டிய கலாபகஸ் தீவுகளிலும்கூட வாழ்கின்றன.

இதில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஆப்பிரிக்கப் பென்குயினைப் பற்றி. தென்னாப்பிரிக்கா, நமீபியா கடற்கரைகளைத் தவிர வேறெங்கும் இது இனப்பெருக்கம் செய்வதில்லை. மண்டேலாவைச் சிறை வைத்திருந்த ராபன் தீவிலும் இவை கூடு கட்டுகின்றன. இந்தப் பறவையின் சிக்கலே, இரை தேடும் கடல் குளிர்ந்தது, முட்டையிடும் கரையோ சுடும் வெயில் என்பதுதான். குளிர்ந்த நீருக்காக அமைந்த அடர்த்தியான இறகைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து அடைகாக்க வேண்டும். இதற்காகக் கண்ணுக்கு மேலே இறகில்லாத இளஞ்சிவப்புத் தோல் இருக்கிறது, உடம்பு சூடாகும்போது ரத்தம் அங்கே அதிகமாகப் பாய்ந்து வெப்பத்தை வெளியே விடுகிறது.

அப்புறம் கூடு. பல தலைமுறைப் பறவைகளின் எச்சம் தீவுகளில் அடுக்கடுக்காகப் படிந்து கிடந்தது, அதைக் குடைந்துதான் வளை அமைத்துக்கொண்டன. உள்ளே வெயில் படாது. 1840களிலிருந்து அந்த எச்சத்தை உரத்துக்காக மனிதர்கள் சுரண்டிக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது பல இடங்களில் வெட்டவெளியில்தான் முட்டையிட வேண்டியிருக்கிறது, வெயில் தாங்காமல் தாய் தந்தை கடலுக்கு இறங்கினால் கடற்காகங்கள் வந்து முட்டையைத் தூக்கிவிடுகின்றன. அதனால்தான் செயற்கைக் கூடுகள் செய்து வைக்கிறார்கள்.

வீடு போனது ஒரு பக்கம், சாப்பாடும் போய்க்கொண்டிருக்கிறது. இவற்றின் முக்கிய இரை மத்தியும் நெத்திலியும். குஞ்சு கூட்டில் இருக்கும்போது பெற்றோரால் வெகுதூரம் போக முடியாது, பக்கத்துக் கடலில் மீன் இருந்தாக வேண்டும். அதே மத்தியைத்தான் சுருக்குமடி வலை போட்டு அள்ளுகிறார்கள். கடலின் தன்மை மாறியதால் மீன் கூட்டமும் மேற்குக் கரையை விட்டுக் கிழக்கே நகர்ந்துவிட்டது. இன்னொன்று, ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பறவை எல்லா இறகுகளையும் ஒரே சமயத்தில் உதிர்த்துப் புதிதாக முளைக்க வைக்கும், அதற்குச் சுமார் மூன்று வாரம் ஆகும், அதுவரை தோல் வரை நீர் புகுந்துவிடும் என்பதால் கடலில் இறங்கவே முடியாது. முன்கூட்டியே தின்று கொழுத்திருந்தால்தான் அந்தப் பட்டினியைத் தாங்கும், மீன் கிடைக்காத வருஷங்களில் செத்துப்போகும்.

ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இருந்த இனம், இன்று 10,000 ஜோடிக்கும் குறைவு. 2024-இல் இது மிக ஆபத்தான அழிவு நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. காப்பு அமைப்புகள் நீதிமன்றம் போன பிறகுதான், 2025 மார்ச்சில், பென்குயின்கள் கூடு கட்டும் ஆறு முக்கிய இடங்களைச் சுற்றி மத்தி, நெத்திலி பிடிக்கப் பத்து ஆண்டுத் தடை என்று உடன்பாடு வந்தது. எவ்வளவோ முன்பே செய்திருக்க வேண்டியது.

பென்குயின் என்றாலே பனி என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டால், பனி உருகுவது ஒன்றுதான் அவற்றுக்கு ஆபத்து என்று நினைத்துக்கொள்வார்கள். மனிதன் எச்சத்தைச் சுரண்டியதும் மீனை அள்ளியதும் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். அடுத்த இதழில் அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள், கூடவே கேப் டவுன் அருகே உள்ள போல்டர்ஸ் கடற்கரையில் மணலில் நிற்கும் பென்குயின்களின் படம் ஒன்றையும் பெரிதாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருநெல்வேலி